"வண்டி ரெடி சார்!"

பழைய மாமல்லபுரம் சாலையில் எந்தக் கார் ஷோரூமின் சர்வீஸ் வாசலுக்குக் காலையில் போனாலும் அவரைப் பார்க்கலாம். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். உத்தியோகம், சர்வீஸ் அட்வைசர். பானட்டைத் திறப்பவர் உள்ளே வேறொருவர். இவர் திறப்பது வாயை மட்டும்.

முன்சக்கரத்துப் பக்கம் 'டொக் டொக்'கென்று சத்தம் வருகிறது என்பார் படூர்க்காரர். அட்வைசர் அதை 'ஜெனரல் செக்கப்' என்று பதிந்துகொண்டு, தன் பட்டியலை எடுப்பார். ஏசிக்குக் கிருமிநீக்கம், இன்ஜினுக்குக் கார்பன் நீக்கம், வீல் அலைன்மென்ட். கடைசியாக, துருப்பிடிக்காமலிருக்க அடிப்பக்கப் பூச்சு. "படூரா சார்? உப்புக்காத்து ஆச்சே!" கோவளம் கடற்கரை பக்கத்தில்தான் என்பதால் மறுத்துப் பேசவும் வழியில்லை. தாம்பரத்துக்காரர் வந்தால் அதே பூச்சுக்கு மழைத்தண்ணீர் காரணமாகிவிடும்.

சாயங்காலம் போன் வரும்: "வண்டி ரெடி சார்!" வண்டி குளித்துப் பளபளவென்று நிற்கும். பில்லைக் கட்டிவிட்டு வெளியே வந்தால், முதல் வேகத்தடையிலேயே டொக் டொக். திரும்பிப் போனால், "நாங்க ட்ரையல் போனப்ப வரலையே சார்." பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினால் சத்தம் நிஜமாகவே வராது, அதுவும் அவர் கட்சி. விடாமல் கேட்டால், "பார்ட் கம்பெனியிலேர்ந்து வரணும் சார்." இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் முழுக் காராகவே செய்து அனுப்புகிறார்கள். ஒரகடத்திலும் செய்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் புஷ்தான் எங்கிருந்தோ வந்துகொண்டேயிருக்கும்.

கேளம்பாக்கத்து மெக்கானிக்கிடம் காட்டலாம்தான். ஆனால், "வெளிய கை வெச்சா வாரண்டி போயிடும்" என்று சொல்லித்தானே அனுப்பியிருக்கிறார்? 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும், வெளியே பழுதுபார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அட்வைசரின் வசனம் எங்கும் போகவில்லை.

இரண்டு சக்கரக்காரர்கள் பாடு இன்னும் மோசம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக் மீது, 2024 ஆகஸ்ட் வரையிலான ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் குவிந்த புகார்கள் 10,644. அந்தச் செப்டம்பரில் கலபுரகியில் ஓலா ஷோரூம் ஒன்று எரிந்தது. கைதானவர், ஸ்கூட்டர் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத வாடிக்கையாளர், தொழிலால் மெக்கானிக்! அக்டோபரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்க, 99.1 சதவீதப் புகார்களைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. "வண்டி ரெடி சார்" என்பதைத் தசம புள்ளியோடு சொன்னால் இப்படித்தான் இருக்கும்.

அட்வைசரை மட்டும் வைவதும் நியாயமில்லை. இத்தனை பூச்சு, இத்தனை கிருமிநீக்கம் என்று மாதக் கடைசியில் அவரிடம் கணக்குக் கேட்க மேலே ஒருவர் இருக்கிறார். தவிர, சத்தம் போட வந்தவரையும் காபி கொடுத்து உட்காரவைக்கும் சாமர்த்தியம் எல்லோருக்கும் வராது.

அவர் குரல் நிஜமாகவே தழுதழுப்பது ஒரே இடத்தில்தான். "கம்பெனியிலேர்ந்து போன் வரும் சார். பத்துக்குப் பத்து போட்டுடுங்க. ஒன்பது போட்டாக்கூட எனக்கு ஃபெயில்தான்." போன் வரும்போது படூர்க்காரர் கேளம்பாக்கம் சிக்னலில் டொக் டொக்கோடு நின்றிருப்பார். அடுத்த சர்வீஸுக்கும் அதே ஆளிடம்தானே போக வேண்டும்? பத்தே போடுவார்.