டப்ளினில் வீட்டை வாங்கிப் பார்!

கே: 4 லட்சம் யூரோவுக்குப் பழைய வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். முன்பணம் 40,000 கையில் இருக்கிறது. ஜாம் ஜாம் என்று வாங்கிவிடலாம்தானே? (டப்ளின் வாசகி)

ப: முதல் வீடு என்றால் விலையில் 90 சதவீதம் வரை பேங்க் தரும், சரி. ஆனால் பொதுவாகச் சம்பளத்தில் நான்கு மடங்குக்கு மேல் தரக்கூடாது என்று அயர்லாந்து மத்திய வங்கி கோடு கிழித்திருக்கிறது. 3,60,000 கடன் வேண்டுமானால் உங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து வருடத்துக்கு 90,000 தேற வேண்டும். தேறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். முத்திரை வரி 1 சதவீதம், அதாவது 4,000. (தமிழ்நாட்டில் 7 சதவீதம் கட்டியவர்கள் இங்கே ஒரு பெருமூச்சு விடலாம்.) பத்திரப்பதிவுக்கு 700, அடமானத்தைப் பதிய 175. வக்கீலுக்கு 2,000-லிருந்து 3,000 வரை ஒதுக்குங்கள். அதன் தலையில் 23 சதவீத வாட். வீட்டைச் சோதிக்கும் சர்வேயருக்குச் சில நூறு. மதிப்புப் போட பேங்க் அனுப்பும் ஆளுக்கும் நீங்கள்தான் படி அளக்க வேண்டும். ஆக, 40,000 வீட்டுக்கு. இன்னொரு எட்டோ ஒன்பதோ ஆயிரம் அதை உங்கள் பெயருக்கு மாற்ற. சோபாவைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

கே: விலையில் வெள்ளை எவ்வளவு, கறுப்பு எவ்வளவு? (டாலா வாசகர்)

ப: 2010 முதல் விற்ற வீடுகளின் விலையை, முகவரி, தேதியோடு அரசே இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் நாத்தனார் ஏற்கெனவே பார்த்திருப்பார்.

கே: நான் இங்கே வந்து எட்டு வருஷமாகிறது. ஊரிலிருந்து மாமனார் 50,000 யூரோ தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? (கார்க் வாசகர்)

ப: தாராளமாக. யார் கையால் வாங்குவது என்பதில்தான் சூட்சுமம். பெற்றோர் பிள்ளைக்குத் தந்தால், வாழ்நாள் மொத்தத்தில் 4 லட்சம் யூரோ வரை பரிசு வரி இல்லை. மருமகனோ ஐரிஷ் வரித்துறையின் கண்ணுக்கு மூன்றாம் மனிதர். 20,000-ஐத் தாண்டியதும் 33 சதவீதம் போய்விடும். ஆகவே அவர் தன் மகளுக்கே கொடுக்கட்டும். பத்திரத்தில் மகள் பெயரும் இருக்கட்டும். 'இதைத் திருப்பிக் கேட்க மாட்டேன்' என்று மாமனார் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை பேங்க் கேட்கும். அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். தீபாவளிக்குத் தீபாவளி உதவும்.

கே: 'சேல் அக்ரீட்' பலகை மாட்டிவிட்டார்கள். பால் காய்ச்ச நாள் பார்க்கலாமா? (கால்வே வாசகி)

ப: பால் ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும். இது நிச்சயதார்த்தம்கூட இல்லை, பெண் பார்த்துவிட்டுப் போன கட்டம். ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போடும்வரை விற்பவரை யாரும் கட்டிப்போட முடியாது. வேறொருவர் 10,000 கூடத் தருகிறேன் என்றால், உங்கள் புக்கிங் பணத்தை முழுசாகத் திருப்பித் தந்துவிட்டுக் கும்பிடு போட்டுவிடுவார். 'கஸம்பிங்' என்பார்கள், சட்டப்படி குற்றமில்லை. அதற்குள் சர்வேயருக்குக் கொடுத்தது போனது போனதுதான். அதற்காக சர்வேயில் மிச்சம் பிடிக்காதீர்கள். டோனிகாலிலும் மேயோவிலும் குறைபாடுள்ள கான்கிரீட் கற்களால் கட்டிய வீடுகள் ஆயிரக்கணக்கில் விரிசல் விட்டிருக்கின்றன. சில வீடுகளில் சுவரை விரலால் சுரண்டினாலே உதிர்கிறது.

கே: ஏஜென்ட் "தெற்கு பார்த்த தோட்டம்" என்று குதிக்கிறார். எங்கள் வீட்டில் தெற்கு என்றாலே ஆகாது! (வாட்டர்ஃபோர்ட் வாசகர்)

ப: அவர் சொல்வது கொல்லைப்புறத்தை. வெயிலுக்கு ஏங்கும் நாட்டில் அதற்குத் தனி விலை. கொல்லை தெற்கு என்றால் வாசல் அநேகமாக வடக்கு, குபேரன் திசை. அம்மாவுக்கு வாசல் போட்டோவை மட்டும் அனுப்புங்கள்.

கே: அரசாங்கம் 30,000 யூரோ சும்மா தருகிறதாமே? (ஸ்வோர்ட்ஸ் வாசகர்)

ப: சும்மாவா? கடந்த நான்கு வருடத்தில் நீங்கள் கட்டிய வருமான வரியைத்தான் 'ஹெல்ப் டு பை' என்று பெயர் சூட்டித் திருப்பித் தருகிறார்கள். முதல் வீடாக இருக்க வேண்டும், புது வீடாக இருக்க வேண்டும், விலை 5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அதே புது வீட்டு விலைக்குள் 13.5 சதவீத வாட் ஒளிந்திருக்கிறது; அபார்ட்மென்ட்டுக்கு இப்போது 9. வாங்குபவர் கைக்குப் பணம் வருகிறது என்று தெரிந்த பில்டர் எவராவது விலையை இறக்குவாரா? உதவி யாருக்கு என்பதில் எனக்கு எப்போதுமே சந்தேகம் உண்டு.

கே: வாங்கியாகிவிட்டது. இனி நிம்மதிதானே? (லிமெரிக் வாசகி)

ப: வருடா வருடம் சொத்து வரி. மதிப்பை நீங்களே போட்டுச் சொல்ல வேண்டும். 4 லட்சம் வீட்டுக்கு 2026 முதல் அடிப்படை 333 யூரோ. அதைக் கவுன்சில் ஏற்றவும் இறக்கவும் செய்யும். குப்பைக்குத் தனியார் கம்பெனி, தனி பில். டி.வி. இருந்தால் 160 யூரோ லைசென்ஸ். அபார்ட்மென்ட் என்றால் பராமரிப்புக் கட்டணமும் சேரும். கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது என்று வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும், கேட்டீர்களா? இத்தனையையும் ஓரம்கட்டுவது குளிர்தான். விற்பனைக்கு வரும் வீட்டுக்கு 'ஏ1' முதல் 'ஜி' வரை ஆற்றல் மதிப்பெண் போட்டிருப்பார்கள். பழைய வீட்டைப் பார்க்கப் போனால் ஜன்னல் சட்டத்தின் ஓரமாகக் கையை நீட்டுங்கள். காற்று வந்து விரலைத் தொட்டால் உங்கள் ஹீட்டிங் காசு அந்த வழியாகத்தான் வெளியேறும். 'பழமை மாறாத அழகு' என்று ஏஜென்ட் சொல்வது இதைத்தான். சுவருக்கும் பரணுக்கும் காப்புப் போட அரசு மானியம் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

கே: தண்ணீர் வரி? (கில்டேர் வாசகர்)

ப: 2015-இல் பில் அனுப்பிப் பார்த்தார்கள். ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். கடைசியில் கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒழுங்காகக் கட்டாதவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் கேட்கிறது.

கே: அங்கே ஒரு வீடு வாங்கிப்போட்டால் விசா கிடைக்குமா? (சென்னை வாசகர்)

ப: வெளிநாட்டுக்காரர் வாங்கத் தடையே இல்லை. வாங்கியதற்காக உள்ளே விடவும் மாட்டார்கள். சொத்து வரி மட்டும் விசா கேட்காமல் உங்களைத் தேடி வரும்.