கறுத்த முகமும் 18 சதவீதச் சாம்பலும்

படம் பிடிக்கக் கற்க வரும் மாணவர் பெரும்பாலும் பூவில் தொடங்குகிறார். பிறகு அந்திச் சூரியன், பிறகு கோயில் கோபுரம். முகத்துக்கு வந்து சேர ஒரு செமஸ்டர் ஓடிவிடுகிறது. தமிழ்நாட்டில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. முதல் வாரமே ஒரு கறுத்த முகத்தை எடுத்துப் பழக வேண்டும். அதுவும் வெள்ளைச் சட்டை போட்ட கறுத்த முகம். அதைச் சரியாக எடுக்கத் தெரிந்தவருக்குப் பூவும் சூரியனும் தாமே வசப்படும். தெரியாதவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அந்த முகத்தை வெளுக்க ஆரம்பிப்பார்.

காரணத்தை மீட்டரிலிருந்து ஆராய்வோம். கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு ஆளும் தெரியாது, நிறமும் தெரியாது. பொருளில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தின் அளவு ஒன்றே தெரியும். எதைக் காட்டினாலும், விழுந்த ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறப் பொருள் என்று வைத்துக்கொண்டே அது கணக்குப் போடுவதாகப் பாடநூல்கள் கற்பிக்கின்றன. சுண்ணாம்பு அடித்த சுவரைக் காட்டினால் சுவர் சாம்பலாகும். கரிக்குவியலைக் காட்டினால் கரியும் சாம்பலாகும். இதைக் கோளாறு என்று சொல்லக்கூடாது. ஏதாவதொரு அனுமானம் இல்லாமல் அதனால் கணக்கே போட முடியாது. இன்றைய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்தும், காட்சியைக் கட்டம் கட்டமாக அளந்தும் அந்த அனுமானத்தைச் சரிக்கட்டப் பார்க்கின்றன. அடித்தளம் மாறவில்லை.

இனி, தோல் எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது? 1976-இல் வந்த மக்பெத் கலர்செக்கர் அட்டையில் 24 நிறக்கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் கறுத்த தோல், இரண்டாவது வெளுத்த தோல். கறுத்த கட்டம் சுமார் 10 சதவீதத்தைத் திருப்புகிறது. வெளுத்த கட்டம் சுமார் 36. ஆகவே 10, 18, 36 என்ற மூன்று எண்களையும் மாணவர் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்யலாம். 36 என்பது 18-இன் இருமடங்கு, அதாவது சரியாக ஒரு ஸ்டாப் மேலே. 10 என்பது 18-க்கு ஒரு ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவாகக் கீழே.

இப்போது பாடநூல் விதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். "முகத்தை ஸ்பாட் மீட்டரில் அள, வந்த அளவுக்கு மேல் ஒரு ஸ்டாப் கூட்டு." வெள்ளைக்காரர் முகத்துக்கு இது பழுதில்லாத விதி. ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த ஸோன் முறையில் வெளுத்த தோல் 6-ஆம் ஸோனில் உட்காருகிறது, நடுச்சாம்பல் அதற்கு ஒரு ஸ்டாப் கீழே, 5-இல். இதே விதியை மதுரைக்காரர் ஒருவரின் கறுத்த முகத்தில் பிரயோகித்தால், 10-இல் இருக்க வேண்டிய தோல் 36-க்குப் போய்விடும். கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப் வெளுப்பு! யாரும் எந்தப் பட்டனையும் தட்டாமலே, விதியை ஒழுங்காகப் பின்பற்றிய ஒரே காரணத்தால் அவர் வேறு ஆளாகிவிடுகிறார். விதி யாருடைய முகத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்று கேட்பதும் பாடத்தில் சேர்த்திதான்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. நம் ஊரில் அதுதான் அதிகம். முகூர்த்த மேடையைப் பாருங்கள். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் மல்லிகை மாலை, பின்னால் வெள்ளைத் துணி போர்த்திய அலங்காரம், அதன்மேல் எல்இடி வெளிச்சம். மீட்டர் இவ்வளவு வெள்ளையையும் சேர்த்துச் சராசரி பார்த்து, எல்லாவற்றையும் சாம்பலுக்கு இறக்குகிறது. முகம் இரண்டு, மூன்று ஸ்டாப் கீழே போகிறது. கண்ணும் பல்லும் மட்டும் தெரிகின்றன. வெள்ளைப் பின்னணி வைத்த பாஸ்போர்ட் போட்டோவிலும் இதே கதிதான்.

ரா ஃபைலில் எடுத்துப் பிறகு தூக்கிக்கொள்ளலாமே எனின், ஓரளவுக்குத்தான் முடியும். சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுகிறது. 14 பிட் கோப்பில் 16,384 படிகள். அவற்றில் பாதி, 8,192 படிகள், ஆக மேலேயிருக்கும் ஒரே ஸ்டாப்புக்குப் போய்விடுகின்றன, அடுத்ததற்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048. சரியாக எக்ஸ்போஸ் செய்த கறுத்த முகம் 1,024 படிகள் உள்ள ஸ்டாப்பில் உட்காரும். மூன்று ஸ்டாப் இருட்டாக எடுத்தால் அதே முகத்துக்குக் கிடைப்பவை 128. கன்னத்தின் வளைவு, மோவாயின் நிழல், நெற்றிச் சுருக்கம் எல்லாவற்றையும் அந்த 128-க்குள் அடக்கியாக வேண்டும். மென்பொருளில் தூக்கும்போது முகத்தோடு சேர்ந்து நாய்ஸும் மேலே வருகிறது. வெளிச்சம் குறைவாக வாங்கிய முகம் அழுக்காகத் தெரிவது இதனால்தான். பழி நிறத்தின்மேல் விழுகிறது.

எடிட்டிங் கூடாது என்று சொல்ல வரவில்லை. அதற்குத் தமிழ் மண்ணிலேயே மதிப்பான முன்னோடி உண்டு. சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்தார். அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கும் மேற்பட்ட ஒரே படமாக்கினார். இன்று மாணவர் ஃபோட்டோஷாப்பில் பனோரமா இணைக்கும் வேலைதான் அது. அவர் பயன்படுத்திய காகித நெகட்டிவ் நீல ஒளியை மட்டுமீறி வாங்கும்; வானம் வெறும் வெள்ளையாக விழும். ஆகவே நெகட்டிவின் மேலேயே நிறமி பூசி வானத்தைச் சரிசெய்தார், மேகமும் தீட்டினார். கண் கண்ட வானத்தைக் காகிதத்தால் பிடிக்க முடியவில்லை; அவர் திருத்தியது காகிதத்தின் குறையை. கருவி தவறவிட்டதை மீட்பதற்கே திருத்தம் என்ற அளவுகோலை அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், லைட்ரூமில் ஆரஞ்சு நிறத்தின் லுமினன்ஸை மட்டும் ஏற்றித் தோலை வெளுக்கும் பழக்கம் தேறாது. அது கருவியின் எந்தக் குறையையும் தீர்ப்பதில்லை. நிறச்சாயலைக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் பார்த்தால் கறுத்தவர், மாநிறத்தவர், சிவந்தவர் எல்லாருடைய தோலும் ஏறக்குறைய ஒரே கோட்டை ஒட்டியே விழும். வேறுபடுவது பெரும்பாலும் வெளிச்ச அளவு. அதை மட்டும் தனியே தூக்கும்போது தோல் சாம்பல் பூத்துப்போகிறது, கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்றாகிறது. கோடக் நிறுவனம் 1950-கள் முதல் லேப்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ சோதனை அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்த முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. நாமும் நம் கையாலேயே எல்லாரையும் அந்த அட்டைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டுமா?

கறுத்த தோலின் அழகு எங்கே இருக்கிறது என்பதையும் மாணவருக்குக் காட்டித்தர வேண்டும். வெளுத்த முகத்துக்கு உருவம் கொடுப்பது நிழல். கறுத்த முகத்துக்கு மினுமினுப்பு. ஜன்னலோரம் ஒருவரைப் பக்கவாட்டில் நிறுத்திப் பாருங்கள். நெற்றி மேட்டில் ஒரு வெளிச்சம், மூக்குத்தண்டில் ஒரு கோடு, கன்ன எலும்பில் அகலமாக ஒன்று, கீழுதட்டில் ஒரு துளி. இந்த நாலும் சேர்ந்துதான் முகம். வெளிச்சம் பெரியதாக, மென்மையாக இருக்க இருக்க அவை அழகாக விரியும். மறுபக்கம் ஒரு தெர்மோகோல் பலகையைப் பிடித்தால் போதும். எடிட்டிங்கில் ‘எண்ணெய் வழியுது’ என்று இவற்றை ஸ்மூத் செய்து அழித்தால், மிஞ்சுவது தட்டையான ஒரு நிறம்.

கஸ்டமர் கேட்கிறாரே எனின், அவர் கேட்பதைக் கவனமாகக் கேட்க வேண்டும். "டல்லா இருக்குப்பா, கொஞ்சம் கலரா ஆக்கிக் குடு தம்பி" என்கிறார் பெண்ணின் அம்மா. முதல் பாதி வெளிச்சம் பற்றிய குறை, அது நியாயமானது. இரண்டாம் பாதி, பல தலைமுறைகளாக ‘டல்’லான பிரிண்டுகளையே வாங்கிப் பழகியவர் தாமே கண்டுபிடித்துச் சொல்லும் வைத்தியம். முதல் பாதியைத் தீர்த்துவைத்தால் இரண்டாவது பெரும்பாலும் தணிந்துவிடும் என்பது என் நம்பிக்கை. தணியாத இடமும் உண்டு. அங்கேயும் மகளின் முகத்தை மாற்றித் தருவதற்கு நான் உடன்படமாட்டேன்.

ஆகவே முதல் வாரப் பயிற்சி இது. வகுப்பிலிருந்து மூன்று பேர்: ஒருவர் நல்ல கறுப்பு, ஒருவர் மாநிறம், ஒருவர் சிவப்பு. மூவருக்கும் வெள்ளைச் சட்டை, ஒரே ஜன்னல். முகம் இருக்கும் இடத்தில் 18 சதவீதச் சாம்பல் அட்டையைப் பிடித்து, அதை மட்டும் அளந்து, அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் மேனுவலில் நிறுத்திவிட வேண்டும். ஒயிட் பேலன்ஸும் அதே அட்டையிலிருந்து. பிறகு ஒவ்வொருவராக அதே இடத்தில் நிற்க, எதையும் மாற்றாமல் எடுக்க வேண்டும். இடையில் மீட்டரின் முள் ஆளுக்கு ஆள் நகரும், கை போகக்கூடாது. மூவர்மீதும் விழுந்தது ஒரே வெளிச்சம், ஆகவே மூவருக்கும் ஒரே எக்ஸ்போஷர்தான். படங்களை அருகருகே வைத்து, மூவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, திரையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே எடிட்டிங் தொடங்கலாம்.