வேன் சித்தப்பா

திண்டிவனம் வட்டாரத்தில் எந்தச் சொந்தபந்தக் கூட்டத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு வேன் சித்தப்பா இருப்பார். சில வீடுகளில் அவர் மாமா, சில வீடுகளில் பெரியப்பா. உறவுமுறை மாறும், குணம் மாறாது. சொந்த வேன் கிடையாது. ஓட்டவும் தெரியாது. ஆனால் மாசி மகம் வந்தாலும், பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாலும், வாடகைக்கு ஒரு வேன் பிடித்து, சொந்தக்காரர்களை அடைத்து ஏற்றி, மரக்காணம் பக்கத்துக் கடற்கரையில் இறக்கி, ஒரு ராத்திரி தங்கவைத்து, மறுநாள் தலை குறையாமல் வீடு சேர்ப்பது தன் பிறவிக் கடமை என்று இருப்பவர்.

மற்ற நாட்களில் அவர் யார் என்பது வேனுக்குள் செல்லாது. மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டைக்கு எடை போடுகிறவராக இருக்கலாம். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டராக இருக்கலாம். சிமென்ட் கடையில் கணக்கு எழுதுகிறவராகவும் இருக்கலாம். வீட்டில் அவர் பேச்சு எடுபடாது என்பது ஊரறிந்த சங்கதி. சட்னியில் உப்பு இல்லை என்று சொல்லக்கூட அவருக்கு அங்கே அதிகாரமில்லை. வேனின் முன்சீட்டில், மடியில் நாற்பது பக்க நோட்டும் கழுத்தில் ஈரத்துண்டுமாக உட்கார்ந்துவிட்டால் ஆளே வேறு.

"காலைல சரியா அஞ்சு மணிக்கு வண்டி கெளம்பிடும். வராதவங்க வூட்லயே கெடக்கலாம்" என்று ஒரு வாரமாகப் போனில் மிரட்டுவார். அஞ்சு மணிக்கு வந்து நிற்பது டிரைவர் மட்டும்தான். அவர் புது ஆள், சொன்னதை நம்பிவிட்டார். ஆறரைக்கு ஆட்கள் சேர்வார்கள். ஏழு மணிக்குத் தேக்சா, ஜல்லிக்கரண்டி, அரிவாள்மனை, ஜமக்காளம், தார்ப்பாய், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், டேபிள் ஃபேன் எல்லாம் ஏறிவிடும். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, வண்டி நகரும்போது பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்: "சித்தப்பா எங்க?" அவர் எதிர்வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

வசூல்தான் அவருடைய தீராத துக்கம். தலைக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்குப் பாதி, ஐந்து வயதுக்குக் கீழே இலவசம் என்பது சட்டம். இந்தச் சட்டம் அமலுக்கு வந்த நாள்முதல் எங்கள் குடும்பங்களில் பிள்ளைகள் வளர்வதே நின்றுவிட்டது. மீசை அரும்பிய பையனை அவன் அம்மா மடியில் உட்காரவைத்து, "இவனுக்கு இன்னும் அஞ்சு முடியல கொழுந்தனாரே" என்பாள். சித்தப்பா பையனையும் பார்ப்பார், அண்ணியையும் பார்ப்பார், நோட்டில் எதையோ எழுதி உடனே அடித்துவிடுவார். கையிலிருந்து எவ்வளவு போட்டார் என்பதை அந்த நோட்டு மட்டும் அறியும். அதை அவர் யாருக்கும் காட்டுவதில்லை, முக்கியமாகச் சித்திக்கு.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சுமார் 35 கிலோமீட்டர். வழி தவறுவதற்குத் தனித்திறமை வேண்டும். இருந்தும் வழிநெடுக அவர் டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே வருவார். பிரம்மதேசத்தில் ஒரு டீ, முருக்கேரியில் ஒரு டீ. கழுவெளி ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதிலிருந்து விளக்கவுரை வேறு சேர்ந்துகொண்டது. வெள்ளையாக இருந்தால் கொக்கு, பெரிதாக இருந்தால் நாரை, கொஞ்சம் சிவந்திருந்தால் "அது சைபீரியா". உப்பளம் வந்ததும் பாத்தியைக் காட்டி, உப்பு விளைகிற விதத்தை முதல்முறையாகச் சொல்வதுபோல் எல்லோருக்கும் சொல்வார். உப்பளத்தில் வேலை பார்த்த அத்தை ஒருத்தி பின்சீட்டில் உட்கார்ந்திருப்பாள். அவள் வாயே திறக்கமாட்டாள். அது அவளுடைய பெருந்தன்மை.

தங்குமிடம் தேர்ந்தெடுப்பதில்தான் அவர் உண்மையிலேயே மேதை. லாட்ஜ் என்ற பேச்சுக்கே இடமில்லை. கடலோரச் சவுக்குத் தோப்புகளில் எதற்குள் வேன் போகும், எங்கே மணலில் சக்கரம் புதையும், எந்த மோட்டார் கொட்டகைக் குழாயில் நல்ல தண்ணீர் வரும், எதில் உப்புக் கரிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தோப்புக் காவல்காரரிடம் அவர் அனுமதி கேட்பதில்லை; உறவு கண்டுபிடிப்பார். "உங்களுக்கு எந்த ஊரு? அனுமந்தையா? அங்க எங்க பெரிய மாமியா வகையில ஒரு பொண்ணு குடுத்திருக்கோமே!" காவல்காரர் அந்தப் பெண்ணை யோசித்து முடிப்பதற்குள் தேக்சா இறங்கியிருக்கும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொட்டகைக்குள் போயிருக்கும். விவசாயப் பம்புசெட்டுக்கு அரசு தரும் இலவச மின்சாரத்தில் டேபிள் ஃபேன் ஓடக்கூடாது என்று ஒருமுறை யாரோ சொல்லிவிட்டார்கள். "ஃபேன் ஓடல, காத்து வருது" என்றார்.

இந்த இடத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வீடியோ காலைச் சொல்லியாக வேண்டும். அண்ணன் மகன் அங்கே மிர்டில் பீச் என்ற கடற்கரையில், வீடுபோன்ற வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போய்க் குடும்பத்தோடு தங்கியிருந்தான்.

"சித்தப்பா, இதுக்குப் பேரு கேம்ப்கிரவுண்டு. வண்டிய நிறுத்தினா கரன்ட்டு, தண்ணி, சாக்கடை மூணுக்கும் தனித்தனியா குழாய் மாட்டிக்கலாம். எதிர்லயே கடல்."

"கரன்ட்டு சரி, தண்ணி சரி. சாக்கடை எதுக்குடா?"

"வண்டிக்குள்ளயே டாய்லெட் இருக்கு சித்தப்பா. அது ஒரு டேங்க்ல சேரும். நாமதான் குழாய மாட்டித் தெறந்துவிடணும்."

"யாரு, நீயா?"

"ஆமா."

"எம்.எஸ். படிச்சிட்டு?"

அவன் பேச்சை மாற்றிப் பிள்ளைகளைக் காட்டினான். சித்தப்பா விடவில்லை, ஒரு ராத்திரிக்கு என்ன வாடகை என்று கேட்டு, நோட்டில் ரூபாயாகப் பெருக்கிப் பார்த்துவிட்டு, போனைச் சித்தியிடம் கொடுத்தார். "பையன் அங்க ரொம்பக் கஷ்டப்படறான்" என்று ஊர் முழுக்கச் சொன்னவர் அவர்தான்.

கேரளாவில் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை போட்டு, வண்டிகள் வந்து தங்குவதற்குப் பூங்கா அமைக்கும் வேலையில் இறங்கினார்கள். பேப்பரில் படித்துக் காட்டினேன். "பூங்காவுல சவுக்கு மரம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அவருக்கே தெரியாத ஒன்று உண்டு. இந்தப் பாதையில் முதல் வேன் சித்தப்பா அவரல்ல. சிறுபாணாற்றுப்படை என்று 269 அடியில் ஒரு பழம்பாட்டு. பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டுக்காரர். இடைக்கழிநாடு இன்றைக்கும் மரக்காணத்துக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற பேரூராட்சிதான். பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடனின் ஊர் கிடங்கில், அதாவது நம் திண்டிவனத்துக் கிடங்கல். பரிசு வாங்கித் திரும்பும் பாணன், பசியோடு எதிரே வரும் இன்னொரு பாணனிடம், குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு எந்த வழியாகப் போனால் எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவதுதான் மொத்தப் பாட்டும். மரக்காணம் என்று அறிஞர்கள் சொல்லும் எயிற்பட்டினத்தில் தேறல் என்ற கள்ளும் சுட்ட குழல்மீனும். அந்த வழியிலிருந்த வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் வெண்சோறும் நண்டும். புளிச்சோற்றைக் கவனியுங்கள். எங்கள் வேனில் முதல் வேளைக்கு எப்போதும் புளிசாதம்தான் என்று அலுத்துக்கொள்ளும் இளவட்டங்களுக்கு இதைச் சொல்கிறேன். தேறலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. புதுச்சேரி பக்கத்திலேயே இருக்கிற ஊரில் அதைச் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. சாயங்காலம் இரண்டு மச்சான்கள் "டூத்பேஸ்ட் வாங்கிட்டு வரோம்" என்று பைக்கில் போவார்கள். சித்தப்பா கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்.

மாசி மகம் என்றால் அவர் வாதம் இன்னும் பலமானது. மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் மலையையும் ஊரையும் விட்டுப் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார்கள். "சாமியே வண்டி கட்டிக்கினு போவுது. நமக்கு இன்னா?" என்பார். பதில் சொல்ல முடியாது.

மீன் வாங்குவது தனிக் காட்சி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அதுதான் பள்ளி விடுமுறையும். "தடை விசைப்படகுக்குத்தான்மா, கட்டுமரத்துக்கு இல்ல" என்று குப்பத்துப் பெண்களிடமே சட்டம் பேசுவார். சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கானாங்கத்தையை அழுத்திப் பார்ப்பார். அந்த அம்மாள் கூடையை நகர்த்திவிட்டு, "யண்ணா, பாக்கறதுக்கு ஒரு வெல, வாங்கறதுக்கு ஒரு வெல" என்பாள். பேரம் முடியும்போது சொன்ன விலைக்கே வாங்கி, மேலே பத்து ரூபாயும் கொடுத்து, "நம்ம பொண்ணு மாதிரி" என்பார்.

சமையல் விறகடுப்பில்தான். முன்பெல்லாம் சிலிண்டரே வேனுக்குள் வரும். 2023 ஆகஸ்டில் மதுரையில் சுற்றுலா ரயில் பெட்டியில் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்த மறுநாள், சித்தி ஒரே வார்த்தையில் அதை நிறுத்தினாள். வேன் விஷயத்தில் சித்தியின் பேச்சு எடுபட்டது அன்றைக்குத்தான். சரியாகத்தான் எடுபட்டது.

எல்லோரும் கடலில் குளிக்கும்போது சித்தப்பா முழங்கால் தண்ணீரில் கரைக்கு முதுகு காட்டாமல் நிற்பார். "முட்டிக்கு மேல தண்ணி வந்துது, காலை ஒடிச்சிடுவேன்!" என்ற கூப்பாடு அலைச் சத்தத்தையும் மீறும். அவருக்கு நீச்சல் தெரியாது. தெரியாதவர்தான் இந்த வேலைக்கு ஏற்றவர் என்பது என் அபிப்பிராயம். தெரிந்த மச்சான்கள்தான் ஆழத்துக்குப் போய்ப் பயமுறுத்துகிறார்கள்.

ராத்திரி பெண்களும் குழந்தைகளும் வேனுக்குள், ஆண்கள் வேனிலிருந்து சவுக்கு மரத்துக்கு இழுத்துக் கட்டிய தார்ப்பாயின் கீழே. சித்தப்பா மட்டும் டார்ச்சோடு உலாத்துவார். தை, மாசியில் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் காலம். இருட்டில் கடலோரம் நடந்துவந்த ஆமைக் காவல் பிள்ளைகள், "சார், லைட்ட அணைங்க, வெளிச்சம் பட்டா ஆமை திரும்பிப் போயிடும்" என்றார்கள். அணைத்தார். அதற்குப் பிறகு ஆமைக்காக எல்லோரையும் அதட்டியதில் ஒருவரும் தூங்கவில்லை.

சிரிப்புக்கு இடையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி பெஞ்சல் புயல் கரையைக் கடந்து, மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வாரம் தண்ணீர் சூழ்ந்த தெருக்களுக்குச் சோறு போனது இந்த மாதிரி ஆட்களின் தேக்சாவிலிருந்துதான். யாரிடம் விறகு இருக்கும், எத்தனை பேருக்கு எத்தனை படி, எந்த வண்டி எந்தத் தண்ணீரில் போகும் என்று யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

குறையும் இருக்கிறது, சின்னக் குறையல்ல. மறுநாள் கிளம்பும்போது தலைகளை எண்ணுவார், கரண்டிகளை எண்ணுவார், பேப்பர் தட்டையும் பிளாஸ்டிக் டம்ளரையும் எண்ணமாட்டார். அவை தோப்பிலேயே தங்கிவிடும். இன்னொன்று, பெண்கள் முதல்நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது அவர் கண்ணில் படுவதே இல்லை. ஆண்களுக்குத் தோப்பு முழுக்க இடம். அவர்களுக்கு எங்கே? அமெரிக்க அண்ணன் மகனின் அந்தக் குழாயைப் பற்றிக் கேட்டுச் சித்தப்பா சிரித்தபோது பின்னால் நின்ற சித்தி மட்டும் சிரிக்கவில்லை என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே, இந்த வருஷம் உங்கள் வீட்டு வேன் சித்தப்பா போன் செய்தால் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், பிள்ளையின் உண்மையான வயதைச் சொல்லுங்கள், குப்பைக்கு ஒரு சாக்கை நீங்களே எடுத்துப் போங்கள். தங்கும் இடத்தில் கக்கூஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். "இருக்கு" என்பார். எவ்வளவு தூரத்தில் என்றும் கேளுங்கள்.