கித்துல்கல எயார்வேஸ்

ரப்பர் தோட்டத்தில் மழை பிடித்துவிட்டால் வெட்டு கிடையாது. மரத்துப் பட்டை காய வேண்டும், சிரட்டையில் பாலுக்குப் பதில் தண்ணீர் நிற்கக் கூடாது. கித்துல்கலை மழையோ யாரிடமும் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை. அதனால் தோட்டத்துக் கந்தோரில் செக்ரோல் எழுதும் எனக்கு ஒழிந்த நேரத்துக்குக் குறைவில்லை. அந்த நேரத்தில் ஒரு சர்வதேச விமானக் கம்பனியை நடத்துகிறேன். கம்பனி என் கைப்போனுக்குள் இருக்கிறது. பெயர் கித்துல்கல எயார்வேஸ். வாலில் ஒரு கித்துல் மரம்.

சின்ன விமானம் வாங்குவதில் ஒரு வில்லங்கமும் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஏடிஆர் வாங்கினேன், சென்னைக்கு ஓர் ஏ320 வாங்கினேன். லயத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. நெடுந்தூர விமானம் வாங்கப் போகிறேன் என்று வாய்தவறிச் சொன்ன அன்றுதான் எல்லாருக்கும் அபிப்பிராயம் முளைத்தது. மருமகன் தானாகவே தொழில்நுட்பப் பணிப்பாளர் ஆனான். மச்சான் பாதுகாப்புக்குப் பொறுப்பு. குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த பெரியம்மாவுக்குப் பதவி எதுவும் கொடுக்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

மருமகனுக்கு டொரண்டோ பைத்தியம். “மாமா, கொழும்புலயிருந்து டொரண்டோவுக்கு நேரா விட்டோம்னா கனடாவுல உள்ள யாழ்ப்பாணத்துச் சனம் பூரா நம்ம பிளேன்லதான்.” யோசனை நல்லதுதான். ஆனால் தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். என் மனம் ஏ340-300இல் இருந்தது. நான் பையனாக இருந்தபோது, 1994இல், எயார்லங்கா வாங்கிய விமானம் அது. காகிதத்தில் 13,500 கிலோமீட்டர் பறக்கும். மிச்சம் ஐந்நூறுக்குச் சனம் இறங்கித் தள்ள வேண்டும்.

நான்கு இயந்திரம் இருந்தும் அதற்கு இழுவை போதாது என்பது விமானிகளின் பழைய கேலி. பூமி உருண்டை என்பதால்தான் அது உயரே போவதுபோல் தெரிகிறதாம். ஏ320க்கும் போயிங் 737க்கும் மாட்டுகிற சிஎஃப்எம்56 குடும்பத்து இயந்திரத்தையே இந்தப் பெரிய உடம்புக்கும் மாட்டியிருந்தார்கள். கினிகத்தேனை ஏற்றத்தில் கொழுந்து லொறி முக்குவதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

மச்சானுக்கோ அந்த நான்குதான் பிடித்தது. “நடுக்கடல்ல ஒண்ணு நின்னாலும் மூணு இருக்குல்ல?” உலகமும் நெடுங்காலம் மச்சானைப் போலத்தான் யோசித்தது. இரட்டை இயந்திர விமானம் ஏதாவதொரு விமான நிலையத்திலிருந்து 60 நிமிடத்துக்கு மேல் விலகிப் போகக் கூடாது என்றிருந்தது. 1985இல் அதை 120 நிமிடமாக்கினார்கள். இன்றைக்கு இரட்டை இயந்திர ஏ350, ஒன்று நின்றாலும் மற்ற ஒற்றை இயந்திரத்தோடு 370 நிமிடம் வரை போக அனுமதி இருக்கிறது. இதைச் சொன்னதும் மச்சான் பீடியைக் கீழே வைத்தார். “ஆறு மணித்தியாலமா? உள்ள இருக்கிறவனுக்குச் சொல்லுவாங்களா மாட்டாங்களா?” பணிப்பாளர் சபையில் இதற்குப் பதில் கிடைக்கவில்லை.

ஏ380 வாங்கலாமே என்றும் ஒரு குரல் எழுந்தது. 2018 பட்டியல்படி ஒன்றின் விலை 44 கோடி டொலருக்கும் மேல். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டுமென்று தொண்டை வறளக் கத்தி, 2021இல் அதை வாங்கிய சனம் நாங்கள். விளையாட்டுக் காசென்றாலும் கை நடுங்கியது.

நாடே இந்த விளையாட்டைத்தான் ஆடியிருக்கிறது என்பதால் எனக்குக் கூச்சம் ஒன்றுமில்லை. 1947இல் எயார் சிலோன் மூன்று டிசி-3 விமானத்தோடு தொடங்கியது. சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று பெயரும் வைத்தார்கள். தேவிமார் சென்னை வரைக்கும் போவார்கள். லண்டனுக்குப் போக வேண்டுமென்றால் அவுஸ்திரேலியக் கம்பனி, டச்சுக் கம்பனி, பிரிட்டிஷ் கம்பனி, பிரெஞ்சுக் கம்பனி என்று ஆள் மாற்றி ஆள் பிடித்தார்கள். 1979இல் வந்த எயார்லங்கா சிங்கப்பூரிடம் குத்தகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707ஓடு ஆரம்பித்தது. ஐந்தே வருஷத்தில், அவுஸ்திரேலியாவின் குவான்டாஸ் ஓட்டிய இரண்டு ஜம்போ 747கள் வந்துவிட்டன. ஒன்றுக்கு விஜய மன்னன் பெயர், மற்றதற்குத் திஸ்ஸ மன்னன் பெயர். ஜம்போவை நிரப்ப ஆள் வேண்டுமே! மன்னர்கள் இருவரும் அந்தப் பத்தாண்டு முடியுமுன்பே விடைபெற்றார்கள்.

எயார்லங்கா பிறகு ஸ்ரீலங்கன் ஆனது. 2013இல் எயார்பஸிடம் ஆறு ஏ330-300, நான்கு ஏ350-900 என்று ஓடர் கொடுத்தார்கள். ஏ330 வந்தது. ஏ350 வரவேயில்லை, வராத விமானத்துக்குத்தான் நட்டஈடு போனது. 2020 ஜனவரியில் எயார்பஸ் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றுக்கும் சேர்த்து 360 கோடி யூரோ கட்டி லஞ்ச வழக்குகளை முடித்தபோது, அந்தப் பட்டியலில் எங்கள் நாட்டு விமானக் கம்பனியோடு செய்த வியாபாரமும் இருந்தது. மருமகன் இதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, விளையாட்டில் கொமிஷன் வாங்குகிற பட்டன் எங்கே இருக்கிறது என்று தேடினான்.

விளையாட்டில் என் கெட்டிக்காரத்தனம் எண்ணெயில்தான். விலை ஏறி இறங்கும். இறங்கும்போது வாங்கிக் குவித்துவிட வேண்டும். 2022இல் யட்டியாந்தோட்டைப் பெற்றோல் செட்டில் என் மோட்டார் சைக்கிளோடு வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் குடையை மடக்கிப் பாதையோரத்திலேயே படுத்துவிட்டார். கியூஆர் முறை வந்தபின் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீட்டர். அந்த வரிசையில்தான் போன் டிங் என்றது: விமான எண்ணெய் விலை படு மலிவு. நின்ற இடத்திலேயே இருபது லட்சம் கிலோ வாங்கிப் போட்டேன். பக்கத்தில் நின்ற சிங்களத் தம்பி எட்டிப் பார்த்து, “அண்ணே, அதுல எனக்கொரு போத்தல்” என்றார். அப்போது நிஜத்தில் கட்டுநாயக்காவில் எண்ணெய் இல்லாமல் பெரிய விமானங்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. நெடுந்தூர விமானத்தை எத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு வாங்கினாலென்ன, முதலில் கேரளம் வரை போக வேண்டியிருந்தது.

பிறகு நானும் ஒரு சந்தை ஆய்வு செய்தேன். எங்கள் ஊரில் அதற்கு வசதி அதிகம். 1957இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ படத்துக்காகக் களனி ஆற்றில் பாலம் கட்டி வெடித்துத் தகர்த்தார்கள். பாலம் இருந்த இடத்தைப் பார்க்க இன்றைக்கும் வெள்ளைக்காரர் வருகிறார்கள், அதைவிட அதிகமாய் ரப்பர் ஓடத்தில் ஆற்றோடு குதிக்க வருகிறார்கள். லைஃப் ஜாக்கெட்டோடு நடுங்கிக்கொண்டு சாயத்தண்ணி குடித்த ஒரு சோடியிடம், எந்த விமானத்தில் வந்தீர்கள் என்று கேட்டேன். டோஹாவில் மாறி வந்தோம் என்றார்கள். அடுத்த கூட்டம் டுபாயில் மாறியது. என்ன ரக விமானம் என்று விடாமல் கேட்டதும், அந்தப் பெண் தன் நண்பனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வெள்ளை நிறம் என்றாள். நான் ஏ350க்கும் போயிங் 787க்கும் நடுவே உறக்கம் கெட்டுக் கிடக்கிறேன், பயணிக்கு வெள்ளை நிறம் தெரிந்தால் போதுமாயிருக்கிறது. 2016இல் ஸ்ரீலங்கன் பாரிஸையும் பிராங்பர்ட்டையும் கைவிட்டு ஐரோப்பாவில் லண்டனை மட்டும் வைத்துக்கொண்டது ஏன் என்று அந்தச் சாயத்தண்ணிக் கடையில் எனக்கு விளங்கியது.

அன்று இரவு மழை. கரண்டும் இல்லை. பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “ஒங்க பிளேனு குவைத்துக்குப் போகாதா தம்பி?” என்று கேட்டார்.

“அது நாலாயிரம் கிலோமீட்டர்தான் பெரியம்மா. சின்ன பிளேனே போதும்.”

“சின்ன பிளேன்ல சாமான எங்க போடுவீங்க? நான் வரும்போது கம்பளி ரெண்டு, பால்மா டின்னு, பேத்திக்கு சைக்கிளு. பொட்டிய எறக்கிட்டு, அடுத்த பிளேன்ல வரும்னான். நாலு நாளு கட்டுநாயக்காவுக்கு நடையா நடந்தேன்.”

ஏ330-300இன் வயிற்றில் 32 சரக்குப் பெட்டகம் அடங்கும். மருமகன் அதைப் போனில் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டான். அது டொரண்டோவை எட்டாது. இயந்திரம் இரண்டுதான் என்பதால் மச்சான் வாக்களிக்கவில்லை. நான் இரண்டு ஏ330 வாங்கி, லண்டனுக்கு ஒன்று, குவைத்துக்கு ஒன்று என்று போட்டேன். குவைத் விமானம் முதல் வாரத்திலேயே நிரம்பியது. லண்டன் இன்னும் சிவப்பில் நிற்கிறது.

“ஆளுக்கு எத்தன கிலோ வச்சிருக்க?” என்றார் பெரியம்மா.

“நாப்பது.”

“அம்பதாக்கு தம்பி. ஒனக்கென்ன, காசா பணமா.”