கிராஸ் கத்தட்டும், நீ பாட்டைக் கேளு மாப்ள

வா மாப்ள, வா. வண்டி வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடியே நீ வர்றது தெரிஞ்சு போச்சு. பிள்ளையார் கோயில் முக்குல கியரை மாத்துனே பாரு, 'டொக்'குன்னு ஒரு சத்தம், திண்ணையில படுத்திருந்த நாய் எந்திரிச்சு உக்காந்துக்கிச்சு. உங்கத்தை அடுப்படியிலிருந்து தேங்கா உழுந்துருச்சான்னு கேட்டா. இல்ல, மாப்ள வர்றான்னேன்.

உக்காரு. தண்ணி குடி. போன மாசம் "வண்டி கொஞ்சம் ஆடுதுங் மாமா"ன்னு போன்ல சொன்னே. அப்பறம் என்னென்ன வைத்தியம் பாத்தேன்னு உன்ற கிளீனர் பையன் சொல்லிட்டான். முன்னாடி டயர் ரெண்டும் புதுசு. பட்டை செட்டைக் கழட்டிப் பூட்டுனது ஒரு செலவு. இஞ்சின் மவுண்டிங் ஒரு செலவு. அதுக்கும் மசியலேன்னு பம்பர்ல எலுமிச்சம்பழம், பண்ணாரியம்மன் கோயில் வாசல்ல பூசணிக்கா. கடைசியா கேபினுக்குள்ள பெரிய ஸ்பீக்கர் ரெண்டு. அதுதான் மாப்ள கைகண்ட மருந்து. ஸ்பீக்கர் மாட்டின நாள்லருந்து சத்தமே கேக்கறதில்லையாமே?

பாவம், ஷாஃப்டுல இருக்கற அந்தக் கிராஸ் உன்னைப் பல தடவ கூப்புட்டுப் பாத்துருக்கும். மொதல்ல குருவியாட்டம் கத்திருக்கும். மெதுவா உருட்டறப்ப கிச்சு, கிச்சு, கிச்சு. வேகம் கூடுனா அதுவும் வேகமா. கப்புக்குள்ள ஊசியெல்லாம் காஞ்சு போய் கிரீசு கேட்ட சத்தம் அது. நீ என்ன பண்ணே? டூல் பாக்ஸுல எலி பூந்துருச்சுன்னு பொறி வெச்சே. மாட்டுச்சா எலி?

அப்பறம் மொத கியர்ல கிளட்சை விடறப்பவும் ரிவர்ஸ் போடறப்பவும் டொக்கு. அப்பறம் லோடோட அறுவது தாண்டுனா சீட்டுக்கடியில கிறுகிறுன்னு நடுக்கம். அதைத்தான் நீ டயருன்னு நெனச்சே. டயர் ஆட்டம் தூளி ஆட்டறாப்ல நிதானமா வரும். ஷாஃப்டு ஆட்டம் அரிசி மில்லு தொட்டியில கை வெச்ச மாதிரி வரும். கிரவுன் கணக்கு ஆறுன்னு வெச்சுக்க. சக்கரம் ஒரு சுத்து வர்றதுக்குள்ள ஷாஃப்டு ஆறு சுத்து வந்துரும். நடுக்கம் வர்ற வேகத்துலயே கிளட்சை மிதிச்சு இஞ்சினை எறக்கிப் பாத்துருக்கலாம். இஞ்சின் அடங்கியும் நடுக்கம் அடங்கலேன்னா மவுண்டிங் மேல எதுக்குப் பழி? ஆனா நீ படிச்சவன், உனக்குத் தோணாததா.

உன்ற லேலண்டுல கியர் பாக்ஸுலருந்து பின்னாடி ஹவுசிங் வரைக்கும் ஷாஃப்டு ரெண்டு துண்டாப் போகுது. நடுவுல சென்டர் பேரிங். மூணு எடத்துல யு.ஜே. கிராஸ், அதான் யுனிவர்சல் ஜாயிண்ட்டு. ஒவ்வொண்ணுக்கும் காலு நாலு, கப்பு நாலு, கப்புக்குள்ள வரிசையா ஊசி. பள்ளம் மேட்டுல ஹவுசிங் ஏறி எறங்குது, கியர் பாக்ஸு சேசிஸோட நிக்குது. ரெண்டு பக்கக் கோணலையும் வாங்கிக்கிட்டுச் சுத்தற வேலை கிராஸுக்கு. சம்பந்தி ஊடு ரெண்டுக்கும் நடுவுல மாட்டின தரகன் பொழப்பு.

உன்ற அத்தை பேத்தி இஞ்சினியரிங் படிக்கறாளே, அவ சொன்னா. ஐரோப்பாவுல இந்த ஷாஃப்டைக் கார்டான் ஷாஃப்டுன்னு சொல்றாங்களாம். கார்டானோன்னு ஒரு இத்தாலிக்காரர் பேருல வந்ததாம். அவரு 1501-ல பொறந்தவரு, பெரிய கணக்குப் புலி, வைத்தியரு, அதோட தாயக்கட்டைச் சூதுல பெரிய பிரியமாம். இருக்கும் மாப்ள, உன்ற வண்டியைப் பாத்தா அது பொய்யில்லேன்னு தெரியுது. அதுக்கப்பறம் 1903-ல அமெரிக்காவுல ஸ்பைசர்னு ஒருத்தரு இந்த ஜாயிண்ட்டுக்கு ஒரு உறை போட்டுப் பேட்டன்ட் வாங்கிருக்காரு. எதுக்கு உறை? உள்ள கிரீசு நிக்கோணும், வெளியே தூசி நிக்கோணும். நூறு வருசத்துக்கு முன்னாலயே ஒருத்தன் கிரீசுக்காக மண்டைய ஒடச்சிருக்கான். நீ ஸ்பீக்கருக்காக ஒடச்சுக்கிட்டே.

சரி, வேட்டியை மடிச்சுக் கட்டு, அடியில படு. பேண்ட்டா? அழுக்காயிருமா? அத்தைகிட்டச் சொல்லி ஒரு சாக்கு வாங்கிக்க. சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை வை. இஞ்சின் ஆஃப், நியூட்ரல். கிராஸுக்கு அந்தப் பக்கம் ஒரு கை, இந்தப் பக்கம் ஒரு கை. துணி புழியறாப்ல எதிரும் புதிருமாத் திருப்பு. நடுவுல லொட்டுன்னுச்சா? போச்சு. ரெண்டு பக்கமும் ஒண்ணாச் சேந்து ஆடுனா அது கிராஸில்ல, கிரவுன் ஆட்டம். கொஞ்சம் ஆட்டம் எல்லா வண்டிக்கும் உண்டு. இப்ப பார் போட்டு மேலயும் கீழயும் நெம்பு. கப்பு வாயைப் பாரு, குங்குமம் அப்புனாப்ல செவப்பாப் பொடி இருக்குதா? இருக்குதா! மகாலட்சுமியாட்டம் இருக்குதுன்னு கும்பிட்டுறாத. உள்ள ஊசி தண்ணி பட்டுத் துருப்புடிச்சு அரைஞ்சு வெளிய வருது. ஷாஃப்டு நீண்டு சுருங்கற ஸ்லிப்பையும் ஆட்டிப் பாரு, சென்டர் பேரிங் ரப்பரையும் பாரு. ஒரு கிராஸ் கெட்டு வெகு நாள் ஓடியிருந்தா மத்ததும் சும்மா இருக்காது.

"இன்னும் ஒரு ட்ரிப் தாங்குங்களா மாமா"ன்னு கேக்கற. தாங்கும். நானும் அப்படித்தான் கேட்டேன், இருவத்திரண்டு வயசுல, திம்பம் ஏறறப்போ. ஈரோட்டுலருந்து மஞ்சள் மூட்டை, மைசூருக்கு. திம்பத்துல கொண்டை ஊசி இருவத்தேழு. பாதி கூட ஏறல, பின்னாடி கிராஸ் ரெண்டாப் போச்சு. ஷாஃப்டு வாலு ரோட்டுல உழுந்து, சுத்தற வேகத்துல தலைதெறிக்க அடிச்சு ஏர் பைப்பைச் சீவிருச்சு. இஞ்சின் அலறுது, வண்டி பின்னால உருளுது. நான் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டுக் கொலசாமியைக் கூப்புடறேன். கிளீனர் குதிச்சுக் கட்டையைப் போட்டான் பாரு, நின்னுச்சு. அந்தக் கிளீனர் ஆருன்னு நெனக்கறே? உங்கொப்பன். உசுரைக் காப்பாத்துனவனுக்கு என்ன குடுக்கறதுன்னு ரோசனை பண்ணித்தான் என்ற தங்கச்சியைக் கட்டிக் குடுத்தோம். நான் அன்னைக்குக் கிரீசு அடிச்சிருந்தா நீ பொறந்திருக்கவே மாட்டே. அந்த வகையில உனக்கு என்மேல நன்றி இருக்கோணும்.

கழட்டறதுக்கு முன்னாடி கட்டை மறுக்காப் பாத்துக்க. "கியர்ல போட்டிருக்கேனுங்"கறே. ஷாஃப்டையே கழட்டுன பொறகு கியர் எதைப் புடிக்கும், என்ற மீசையையா? சில பழைய வண்டியில ஹேண்ட் பிரேக்கே கியர் பாக்ஸுக்குப் பின்னாடி டிரம்முல இருக்கும். அதுவும் ஷாஃப்டோட போச்சு. கட்டைதான் சாமி.

அப்பறம் ஃபிளாஞ்சுலயும் ஸ்லிப்புலயும் பெயின்ட்ல ஒரு பொட்டு வை. எந்தப் பல்லு எந்தக் குழியில இருந்துச்சோ அங்கயேதான் திரும்பப் போவோணும். கோணலா நிக்கற கிராஸ் சீராச் சுத்தாது மாப்ள. ஒரு சுத்துக்குள்ள ரெண்டு தடவ ஓடும், ரெண்டு தடவ தயங்கும். அடுத்த கிராஸ் அதுக்கு எதிராத் தயங்கி ஓடி நேர் பண்ணும். மாமியா கோணலாச் சொல்றதை மருமவ கோணலாக் கேட்டு வேலையைச் சரியா முடிக்கறாப்ல. ஷாஃப்டு ரெண்டு முனையிலயும் கிராஸைப் புடிச்சிருக்கற யோக்கு ஒரே நேர்ல இருந்தாத்தான் இந்தக் குடித்தனம் நடக்கும். ஸ்லிப்பை ரெண்டு பல்லு தள்ளிப் பூட்டிப் பாரு, புதுக் கிராஸ் போட்டும் நடுங்கும். நீ மறுபடியும் டயர் வாங்கப் போவே.

ஷாஃப்டு நல்ல கனம். கயித்துல தொங்க விட்டுட்டு போல்ட்டை எடு. குழாயில அங்கங்க தகட்டுத் துண்டு ஒட்டிருக்கும், வெல்டுக் கழிவுன்னு தட்டி எடுத்துறாத, அது பேலன்ஸுக்கு வெச்சது. சர்க்ளிப்பைக் கழட்டிட்டு, பெரிய வைஸுல சாக்கெட்டு வெச்சு அமுக்கிக் கப்பை வெளிய எடு. நம்மூர்ல சம்மட்டி எடுப்பாங்க. சம்மட்டி அடிச்சா கப்பு வரும். யோக்குக் காதும் சேந்து வளையும். இன்னொரு மேதாவி கேஸ் வெளக்கைக் கொண்டுக்கிட்டு வருவான், அவனுக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிரு. சுட்ட யோக்கு மூப்பு வந்த பல்லாட்டம், எப்ப உழுமோ தெரியாது.

பழைய கிராஸ் காலை நகத்துல சுரண்டிப் பாரு. வரி வரியாத் தட்டுப்படும். ஊசி ஒரே எடத்துல நின்னு குத்துன தடம். யோக்குத் தொளையையும் துடைச்சுப் பாரு. புதுக் கப்பு கட்டை வெரல்ல தள்ளுனாலே உள்ள போச்சுன்னா சந்தோசப்படாத, யோக்கு முடிஞ்சுது.

புதுசு பூட்டறப்ப அவசரம் வேண்டாம். உள்ள ஒரு ஊசி சாஞ்சு படுத்துக்கிச்சுன்னா கப்பு முழுசா எறங்காது, சர்க்ளிப் காடியில உக்காராது. உடனே அடிச்சு எறக்குவாங்க. அடிக்காத. வெளிய எடு, ஊசியைக் கிரீசுல ஒட்டவெச்சு நிமுத்து, திரும்பப் போடு. நிப்பிள் கிரீஸ் கன்னுக்கு எட்டற பக்கம் இருக்கோணும்; மூணு நிப்பிளும் ஒரே வரிசையில இருந்தா வண்டியை ஒரே எடத்துல நிறுத்தி அடிச்சுரலாம். நாலு சர்க்ளிப்பும் உக்காந்ததும் யோக்கு மேல மெல்ல ரெண்டு தட்டு. கிராஸ் கைக்குத் திரும்போணும், தொங்கவும் கூடாது, மொறைக்கவும் கூடாது. ஃபிளாஞ்சு போல்ட்டு ஹை டென்சில்தான். வீதியில கெடந்த போல்ட்டு வேண்டாம், நட்டும் புதுசாப் போடு.

அப்பறம் கிரீசு. நாலு கப்பு வாயிலயும் புதுக் கிரீசு பிதுங்கற வரைக்கும் அடிக்கோணும். மூணுல வந்து ஒண்ணுல வரலேன்னா அந்த ஒண்ணுதான் அடுத்த வருசம் உன்னைத் திம்பத்துல நிறுத்தும். கப்பை லேசா ஆட்டி அடிச்சுப் பாரு, வழி உடும். என்ற கணக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா. தண்ணியில எறங்குன வண்டின்னா அன்னைக்கே.

என்ன சொன்னே? மாசா மாசம் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேனா? அட, தெரியாமப் போச்சே. என்ற மேலயே தப்பு. ஆனா எந்தக் கன்னுல மாப்ள அடிச்சே? ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் என்ற கன்னை வாங்கிட்டுப் போனியே, அதுலயா? மூக்குல தூசி போகாம மஞ்சத் துணி சுத்தி, சணல்ல மூணு சுத்துச் சுத்தி முடிச்சுப் போட்டுக் குடுத்தேன். சீட்டுக்கடியிலதான் கெடக்கும், ஸ்பீக்கர் ஒயருக்குப் பக்கத்துல. எடுத்துக்கிட்டு வா.

இதா. முடிச்சை நீ எப்புடிப் போடுவே, காட்டு பாக்கலாம். ரெட்டைச் சுருக்கு. நான் போடறது மூணு சுத்து. இது எத்தனை சுத்து மாப்ள, எண்ணு.