நாக்குக்குத் தெரியாமல் ஒரு கழித்தல் கணக்கு

கேள்வி: கலோரி, கலோரி என்று எல்லோரும் அஞ்சுகிறார்களே, அது சோற்றில் எந்தப் பக்கம் ஒளிந்திருக்கிறது?

பதில்: கலோரி என்பது பொருளன்று, ஆற்றலை அளக்கும் அலகு. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றலையே உணவியலில் ஒரு கலோரி என்கிறார்கள். முறைப்படி அதன் பெயர் கிலோகலோரி. அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், உணவுப் பொருள்களை எரித்துப் பார்த்தும், மனிதர்களை மூடிய அறையில் இருத்தி அவர்கள் உடல் வெளிவிடும் வெப்பத்தை அளந்தும் வகுத்த கணக்கின்படி, மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு ஏறத்தாழ 4 கலோரி தருகின்றன. கொழுப்பு 9 தருகிறது. நாலு, ஒன்பது என்ற இந்த இரண்டு எண்களோடு சமையலறைக்குள் நுழைபவருக்கு, முதலில் கைவைக்க வேண்டியது சோற்றுப் பானையிலா எண்ணெய்ச் சட்டியிலா என்பது பாதி விளங்கிவிடும்.

கேள்வி: சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டால் வேலை முடிந்ததல்லவா?

பதில்: முடியாது, மதியம் குறைத்த பாதி, மாலை நான்கு மணிக்கு முறுக்கு டப்பாவின் வழியாகத் திரும்பி வந்துவிடும். வயிறு நிறைந்துவிட்டதா என்பதை உடல் கலோரியை எண்ணி மட்டும் அறிவதில்லை; உண்ட உணவின் கொள்ளளவும் எடையும் அதற்குப் பெரிய சான்றுகள். ஒரு கிராம் உணவில் எத்தனை கலோரி அடங்கியிருக்கிறது என்பதை ஆற்றல் அடர்த்தி என்பர். இதை நீண்ட காலம் ஆராய்ந்த பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ரோல்ஸ், உணவுக்கு முன் காய்கறி சூப் அருந்தியவர்கள், அந்த சூப்பின் கலோரியையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், அந்த வேளையில் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவாகவே உண்டார்கள் என்று 2007-இல் காட்டினார். ஆகவே தட்டின் நிறைவைக் குறைக்காமல், ஒரு கரண்டிச் சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கரண்டிப் பொரியலையோ கூட்டையோ வைப்பதே நிலைக்கும் வழி. 100 கிராம் சோறு ஏறத்தாழ 130 கலோரி தரும். அதே அளவு வேகவைத்த பீன்ஸோ வெண்டைக்காயோ 40-ஐத் தாண்டுவதில்லை.

வெறுமனே பட்டினி கிடந்தால் மனம் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1944–45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வில், 36 இளைஞர்கள் 24 வாரங்கள் ஏறத்தாழப் பாதி உணவில் வாழ்ந்தார்கள். அவர்களுடைய சிந்தனை முழுவதையும் உணவே பிடித்துக்கொண்டது, சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கவே தொடங்கிவிட்டார்கள். பறிகொடுத்த உணர்வு வந்துவிட்டால் எந்தக் கட்டுப்பாடும் நெடுநாள் நிற்பதில்லை.

கேள்வி: மரச்செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லது என்கிறார்களே, நல்லதைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினால் என்ன?

பதில்: நல்லெண்ணெயோ, கடலை எண்ணெயோ, தேங்காய் எண்ணெயோ, ஆலிவ் எண்ணெயோ, செக்கில் ஆட்டியதோ ஆலையில் பிழிந்ததோ, கிராமுக்கு 9 கலோரி என்ற கணக்கில் எதற்கும் சலுகை இல்லை. ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரிக்குச் சற்று மேல். நால்வர் கொண்ட வீட்டில் மாதம் நான்கு லிட்டர் செலவாகிறது என்றால், அது ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம். அதை மூன்று லிட்டராக்கினால் ஆளுக்கு நாள்தோறும் 70 கலோரி அளவுக்குக் குறைந்துவிடும், ஒரு பண்டத்தைக்கூட யாரும் கைவிட வேண்டியதில்லை.

இதற்கான வழிகள் தமிழ்ச் சமையலறையிலேயே கிடைக்கின்றன. பழகிய இரும்புத் தோசைக்கல்லில் பாதியாக நறுக்கிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால், தோசைக்கு இரண்டு தேக்கரண்டி ஊற்றும் இடத்தில் அரைத் தேக்கரண்டி போதும்; மூன்று தோசையில் 180 கலோரிக்குக் குறையாமல் மிச்சமாகும், முறுகல் மட்டும் மிச்சமாகாமல் தட்டுக்கே வந்துவிடும். பொரியலைத் தொடக்கத்திலேயே எண்ணெயில் வதக்காமல், காயை ஆவியில் வேகவைத்து, கடுகும் உளுந்தும் கறிவேப்பிலையும் தாளித்த ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் கடைசியில் மேலே கொட்டினால் மணம் முதல் கவளத்திலேயே மூக்கை எட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புட்டியைச் சாய்த்து ஊற்றும் வழக்கத்தை விட்டுக் கரண்டியால் அளக்க வேண்டும், ஏனெனில் சாய்த்த கைக்கு அளவு தெரியாது.

இட்லியைப் பற்றிப் பலரும் நிம்மதியாக இருப்பது சரியே, ஆனால் பக்கத்தில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். பொடியைக் குழைக்கும் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய், நடுத்தர இட்லி ஒன்றைவிடக் கூடுதல் கலோரி கொண்டது. தேங்காய் 100 கிராமுக்கு 350 கலோரி தரும் பொருளாகையால், தேங்காய்ச் சட்னியைச் சிறு கிண்ணத்திலும், சாம்பாரையும் தக்காளிச் சட்னியையும் பெரிய கிண்ணத்திலும் வைப்பது நல்ல ஏற்பாடு.

கேள்வி: காபியைக் கைவிடச் சொன்னால் குடும்பத்தையே கைவிட வேண்டியிருக்கும். வேறு வழி உண்டா?

பதில்: இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். டிகாக்ஷனில் கலோரி இல்லை என்றே சொல்லலாம். கணக்கு பாலிலும் சர்க்கரையிலும் இருக்கிறது. நாளுக்கு 300 மில்லிலிட்டர் பால் பயன்படுத்துபவர், 6 விழுக்காடு கொழுப்புள்ள ஆரஞ்சு பாக்கெட்டிலிருந்து 3 விழுக்காடுள்ள நீல பாக்கெட்டுக்கு மாறினால் ஏறத்தாழ 80 கலோரி குறையும். சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தாமல் வாரந்தோறும் கால் தேக்கரண்டி குறைத்து வந்தால், சில வாரங்களில் பழைய இனிப்பு திகட்டத் தொடங்குவது பலருடைய அனுபவம்.

பானங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் 450 கலோரியை மிட்டாயாகத் தின்ற காலத்தில் பங்கேற்பாளர்கள் மற்ற உணவைத் தாமாகவே குறைத்துக்கொண்டார்கள். அதே கலோரியைக் குளிர்பானமாகக் குடித்த காலத்தில் குறைக்கவில்லை. இனிப்புப் பானமாகக் குடித்ததை வயிறு சரியாகக் கணக்கில் ஏற்றுவதில்லை என்பதால், பழச்சாற்றுக்குப் பதில் பழமும், குளிர்பானத்துக்குப் பதில் நீர்மோரும் சிறந்தவை.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் வெல்லம், தேன்?

பதில்: வெல்லம் சர்க்கரைக்கு ஏறத்தாழச் சமம், எடைக்கு எடை பார்த்தால் தேன் சற்றே குறைவு, மணத்துக்காகத் தேர்ந்தெடுக்கலாம், கலோரிக்காக வேண்டாம்.

கேள்வி: மாலை நான்கு மணிப் பசிக்கு மருந்து?

பதில்: மெரினா கடற்கரையில் பொட்டலமாகக் கிடைக்கும் சுண்டல். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமுக்கு ஏறத்தாழ 160 கலோரி. மிக்சரோ முறுக்கோ 500 அளவில் நிற்கும். சுண்டலில் நீரும் நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்திருப்பதால், குறைந்த கலோரியிலேயே இரவு உணவுவரை தாங்கும் நிறைவு கிடைக்கிறது.

கேள்வி: கல்யாண வீட்டு இலையின் முன் இந்தக் கணக்கெல்லாம் எடுபடுமா?

பதில்: ஒரு சுவையில் நாக்கு நிறைவு கண்டபின்னும் புதிய சுவை வந்தால் பசி மீண்டும் விழித்துக்கொள்கிறது. இதைச் சுவைவழி நிறைவு எனலாம். வாழையிலையில் இருபது பதார்த்தங்கள் வரிசையாக வரும்போது வழக்கத்தைவிட மிகுதியாக உண்பதற்கு இதுவே காரணம். ஆகவே மிகவும் பிடித்த நான்கைந்தை முதலிலேயே தேர்ந்து, பாயசம் பிடித்தவர் பாயசத்தையும் அதில் சேர்த்து, மகிழ்ச்சியோடு உண்ணலாம்.

கேள்வி: அரைக் கரண்டியும் கால் கரண்டியுமாகக் குறைத்தால் எடை எந்த நூற்றாண்டில் குறையும்?

பதில்: இந்த நூற்றாண்டிலேயே, ஆனால் பொறுமையோடு. ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 2011-இல் வெளியிட்ட கணக்கின்படி, மிகை எடை கொண்டவர் நாளொன்றுக்கு 24 கலோரியை நிலையாகக் குறைத்தால், காலப்போக்கில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை குறையும். அதில் பாதி முதல் ஓராண்டிலும் பெரும்பகுதி மூன்றாண்டுகளிலும் நிகழும். எண்ணெயிலும் பாலிலும் சர்க்கரையிலும் சேர்ந்து 200 கலோரி குறைத்தவருக்கு இது ஏறத்தாழ எட்டுக் கிலோ.

கேள்வி: வீட்டில் எல்லோருக்கும் இதே கணக்கா?

பதில்: இல்லை. வளரும் குழந்தைகள், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார்கள், ஏற்கெனவே மெலிந்த முதியவர்கள் ஆகியோருக்குக் கழித்தல் பொருந்தாது. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளோ எடுப்பவர்கள், உணவின் அளவை மாற்றும் முன் மருத்துவரிடம் மருந்தின் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.