எந்த ஊர், எந்தப் புயல்?

கே: எங்கள் குடியிருப்பில் ஞாயிறு மாலை வினாடி வினா. தலைப்பு புயல். எடுத்த எடுப்பிலேயே எல்லோரும் தவறாகச் சொல்லும்படி ஒரு கேள்வி கொடுங்களேன்! (சரஸ்வதிபுரம், மைசூரு)

ப: ஒரே டொர்னாடோவில் உலகிலேயே அதிகம் பேர் இறந்தது எந்த நாட்டில் என்று கேளுங்கள். அமெரிக்கா என்று கை தூக்குவார்கள். விடை வங்கதேசம். 1989 ஏப்ரல் 26 அன்று மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் தௌலத்பூர், சாட்டூரியா ஊர்களைத் துடைத்துப்போட்டது. இறந்தவர்கள் சுமார் 1,300 பேர். அமெரிக்காவின் மிகக் கொடிய டொர்னாடோ 1925 மார்ச் 18-இல் வந்தது. மிசௌரி, இல்லினாய், இந்தியானா என்று மூன்று மாநிலங்களில் சுமார் 350 கிலோமீட்டர் ஓடி 695 பேரைக் கொன்றது.

கே: புயலும் சுற்றுகிறது, டொர்னாடோவும் சுற்றுகிறது. அப்புறம் என்ன வித்தியாசம்? (குவெம்புநகர்)

ப: புயல் வெதுவெதுப்பான கடலில் பிறக்கும்; நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரியும்; நாள்கணக்கில் வாழும். டொர்னாடோ இடிமேகத்தின் அடியிலிருந்து தரைக்கு இறங்கும் சுழல். பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம், சில நிமிட ஆயுள். புயலுக்குச் சில நாள் முன்பே மூட்டை கட்டலாம். டொர்னாடோவுக்குக் கால் மணி நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

கே: இந்தியாவில் டொர்னாடோ வந்திருக்கிறதா?

ப: தலைநகருக்கே வந்திருக்கிறது. 1978 மார்ச் 17-இல் வடக்கு டெல்லியில், பல்கலைக்கழகப் பகுதியில் 28 பேர் இறந்தார்கள். 1838 ஏப்ரலில் கல்கத்தாவுக்குக் கிழக்கே வந்தது 215 பேரைக் கொண்டுபோனது. 2024 மார்ச் 31-இல் ஜல்பைகுரி மாவட்டத்து மைனாகுரி. மாதங்களைக் கவனியுங்கள்: மார்ச், ஏப்ரல். வங்கக்கடலின் ஈரக்காற்றும் மேற்கேயிருந்து வரும் வறண்ட காற்றும் வங்கப் பகுதியில் மோதிக்கொள்ளும் பருவம் அது.

கே: மைசூருக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லைதானே? (யாதவகிரி)

ப: கடல் புயல் முழுப் பலத்தோடு இந்த மேட்டுக்கு ஏறி வராது. ஆனால் ஏப்ரல், மே மாலைகளை நினைத்துப் பாருங்கள். நாலு மணி வரை வெயில் காயும். சாமுண்டி மலைப் பக்கம் மேகம் கறுக்கும். முதல் துளி விழுவதற்கு முன்பே சில்லென்று ஒரு காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். மேகத்துக்குக் கீழே மழைத்துளிகள் ஆவியாகும்போது அங்குள்ள காற்று குளிர்ந்து, கனத்து, கீழே விழுகிறது. தரையில் மோதி நாலாபக்கமும் பாய்கிறது. மாங்காய் மழையின் முன்னோடி அது. கிளை முறிவதும் மின்கம்பி அறுவதும் பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களில்தான். மழைக்காகக் காத்திராதீர்கள். அந்தக் குளிர்காற்று முகத்தில் பட்டதுமே மரத்தடியை விட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். ஸ்கூட்டர் நனைந்தால் நனையட்டும்.

கே: தனுஷ்கோடியைத் தவிர்த்துத் தமிழ்நாட்டுக் கேள்வி ஒன்று?

ப: தவிர்க்க மனம் வரவில்லை, வேறு வாசல் வழியாகப் போகலாம். 1964 டிசம்பர் புயல், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலோடு பாம்பன் பாலத்தையும் சிதைத்தது. அதை 46 நாளில் மறுபடி ரயில் ஓடும்படி செய்த இளம் பொறியாளர் யார்? பின்னாளில் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் கட்டிய இ. ஸ்ரீதரன். இன்னொன்றும் வைத்துக்கொள்ளுங்கள்: 1966 நவம்பர் புயலில் மெரினாவில் கரைதட்டி, சென்னைவாசிகள் வருடக்கணக்கில் பார்த்துவந்த கப்பல் எது? ஸ்டமாடிஸ்.

கே: புயலுக்குத் தமிழ்ப் பெயர் உண்டா?

ப: உண்டு. 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்த 2020 பட்டியலில், இந்தியாவின் பங்கில் ‘முரசு’ இருக்கிறது.

கே: படித்தவர்களும் திணறும் கேள்வி வேண்டும்.

ப: 1925-இல் அமெரிக்க வானிலைத் துறையினர் முன்னறிவிப்பில் எழுதாமல் தவிர்த்த சொல் எது? ‘டொர்னாடோ’! மக்கள் பீதியடைவார்கள் என்று மேலிடம் பல காலம் அதை ஒதுக்கியே வைத்திருந்தது. அந்த 695 பேரை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. 1948 மார்ச் 20-இல் ஓக்லஹோமாவின் டிங்கர் விமானத் தளத்தை டொர்னாடோ அடித்தது. அங்கிருந்த ஃபாபுஷ், மில்லர் என்ற இரு ராணுவ வானிலையாளர்கள், ஐந்தே நாள் கழித்து அதே அறிகுறிகளைப் பார்த்துத் துணிந்து எச்சரித்தார்கள். அன்று மாலையே அதே தளத்தில் மறுபடி அடித்தது. விமானங்களை ஒதுக்கிக் கட்டி வைத்திருந்ததால் சேதம் குறைந்தது.

கே: எந்தப் புயலில் எத்தனை பேர் இறந்தார்கள் என்றே பத்துக் கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். போதுமா? (காந்திநகர்)

ப: ஒன்று போதும். 1970 நவம்பர், போலா புயல், அன்றைய கிழக்கு பாகிஸ்தான். குறைந்தது மூன்று லட்சம் பேர். மற்ற ஒன்பதையும் அடித்துவிட்டு இதைக் கேளுங்கள்: 1999 ஒடிசா பெரும்புயலில் சுமார் 10,000 பேர் போனார்கள். 2013 அக்டோபர் 12-இல் கோபால்பூர் அருகே கரை கடந்த பைலின் புயலும் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகம். இறந்தவர்கள் ஐம்பதுக்குள். ஏன்? புயல் காப்பகம், முன்கூட்டியே லட்சக்கணக்கானோரை வெளியேற்றியது, கிராமம் கிராமமாகப் போன எச்சரிக்கை என்று மூன்றையும் சொல்பவருக்குப் பத்து மதிப்பெண் கொடுங்கள்.

கே: வென்றவருக்கு என்ன பரிசு?

ப: நல்ல டார்ச் லைட். இரண்டாம் பரிசுக்கு, இடி மின்னலை முன்கூட்டிச் சொல்லும் ‘தாமினி’ செயலியை அங்கேயே அவர் போனில் இறக்கிக் கொடுங்கள். அது இலவசம், எல்லோருக்குமே கொடுக்கலாம்.